சிறைக்குள் தனக்குத் தானே வக்கீலாகாமல் இருப்பது எப்படி

சிறையில் எழுத்து வகுப்பு நடத்துகிறேன். பள்ளியில் மொழிப்பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மனநல ஆலோசகர் அல்ல, சமயப் பேச்சாளரும் அல்ல. நோட்டும் பேனாவும் கொடுப்பேன், எழுதச் சொல்வேன், எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அவ்வளவுதான். ஆனால் பல ஆண்டுகள் அதையே செய்தால் ஒன்று தெரிந்துவிடும்: யார் உள்ளே இருந்துகொண்டே தன் மனத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறார், யார் அதையும் ஒப்படைத்துவிட்டார் என்பது. தண்டனைக் காலத்தைத் தொடங்கப் போகிறவர்களுக்காகவும், அவர்களைப் பார்க்கப் போகிற குடும்பத்தினருக்காகவும் இதை எழுதுகிறேன். அச்செடுத்து உள்ளே அனுப்ப அனுமதி உண்டென்றால் அனுப்புங்கள்.

"உடம்பைத்தான் பூட்ட முடியும், மனத்தைப் பூட்ட முடியாது" என்று புதிதாக வருகிறவர்கள் முதல் வகுப்பிலேயே எழுதித் தருவார்கள். எனக்கு அந்த வாக்கியத்தில் அத்தனை நம்பிக்கை இல்லை. மனத்தைப் பூட்ட வெளியிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. நடந்ததைத் தனக்குச் சாதகமாகத் திருத்தி ஒரு கதையைக் கட்டிக்கொண்டவர் அந்தக் கதைக்கு இரவும் பகலும் காவல் இருக்கவேண்டியிருக்கிறது. யாரிடம் எதைச் சொன்னோம் என்று நினைவில் வைக்கவேண்டும். உண்மை தெரிந்த உறவினர் பார்க்க வந்தால் தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பவேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயர் காதில் விழுந்தாலே முகம் சிவக்கும். இத்தனை கெடுபிடிக்குள் என்ன சுதந்திரம்? ஆகவே என் வழிமுறையில் முதல் வேலை தியானமும் அல்ல, நூலகமும் அல்ல. நடந்ததன் கணக்கை ஒழுங்காக எழுதுவதுதான்.

ஆனால் உடனே அல்ல.

முதல் சில வாரங்கள்: செயலைத் தொடாதீர்கள்

புதிதாக உள்ளே போனவரிடம் "நீ செய்ததை நினைத்துப் பார்" என்று சொல்வது கொடுமை, பயனும் இல்லை. அமெரிக்க சமூகவியலாளர் கிரெஷாம் சைக்ஸ் நியூ ஜெர்சி மாநிலச் சிறையை ஆராய்ந்து 1958இல் எழுதியபோது, சிறைவாசி இழப்பவற்றை ஐந்தாகப் பிரித்தார்: விடுதலை, பொருள் வசதி, பாலுறவு, தன் நாளைத் தானே தீர்மானிக்கும் உரிமை, பாதுகாப்பு. வெளியில் இருப்பவர்கள் முதலாவதை மட்டும் நினைப்பார்கள். உள்ளே ஆளை அரிப்பது பெரும்பாலும் நான்காவது. எப்போது விளக்கு அணையும், எப்போது குளிக்கலாம், எந்தப் பக்கம் நடக்கலாம் என்பதெல்லாம் வேறொருவர் கையில்.

அதனால் இந்த வாரங்களுக்கான வேலை, ஒரு நாளில் நீங்களே தீர்மானிக்கும் காரியம் ஒன்றை வைத்துக்கொள்வது. சின்னதாக இருக்கட்டும். படுக்கையை உங்கள் விருப்பப்படி மடிப்பது, ஒரு பக்கம் படிப்பது, குறிப்பிட்ட எண்ணிக்கை தண்டால் எடுப்பது. நெல்சன் மண்டேலா சிறையில் இருந்த 27 ஆண்டுகளில் செல்லுக்குள் நின்ற இடத்திலேயே ஓடுவதையும் தண்டால் எடுப்பதையும் ஒழுங்காகச் செய்துவந்தார். உடல் வலுவுக்காக மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? யாரும் உத்தரவிடாத ஒரு வேலை அது. இந்தப் பகுதியில் இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. தூங்குங்கள், சாப்பிடுங்கள், ஒரே ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. விசாரணையோ மேல்முறையீடோ நிலுவையில் இருந்தால், கீழே சொல்லும் எழுத்துப் பயிற்சியைத் தொடங்காதீர்கள். உங்கள் அறையில் இருக்கும் தாள் உங்களுடைய தாள் அல்ல. சோதனையில் எடுக்கப்படலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். வக்கீலைக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் மனத்துக்குள்ளேயே செய்யலாம், கடினம் என்றாலும் முடியும். நீதிமன்றத்தில் உங்கள் வக்கீல் உங்களுக்காக வாதாடுவது உங்கள் உரிமை, அதில் எந்தத் தவறும் இல்லை. நான் சொல்வது விளக்கணைத்த பிறகு உங்கள் மனத்துக்குள்ளே எழுந்து நிற்கிற இன்னொரு வக்கீலைப் பற்றி.

கணக்கு எழுதுவது

சம்பவ நாளைக் காலையில் கண் விழித்ததிலிருந்து மணிவாரியாக எழுதுங்கள். ஒரே நிபந்தனை, காரணம் எழுதக்கூடாது. "ஏன்" என்ற கேள்விக்கு நாற்காலி போட்டால் அந்த வக்கீல் வந்து உட்கார்ந்துவிடுவார். எத்தனை மணிக்கு எங்கே இருந்தேன், கையில் என்ன இருந்தது, யாரிடம் என்ன சொன்னேன். இது போதும். ஒரே மூச்சில் முடிக்கவேண்டாம். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். எழுதி முடித்தவுடன் படுக்கப் போகாதீர்கள். நடங்கள், துணி துவையுங்கள், யாருடனாவது பேசுங்கள்.

பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, ஆள் இல்லாத வாக்கியங்களுக்கு அடியில் கோடு போடுங்கள். "வாய்த்தகராறு முற்றியது." "கை ஓங்கிவிட்டது." "பணம் கைமாறியது." "வண்டி போய் மோதியது." என் வகுப்பில் நோட்டுகள் இந்த வாக்கியங்களால்தான் நிரம்பி வழிகின்றன. ஒவ்வொன்றிலும் செய்த ஆளை உட்காரவையுங்கள். நான் முற்றவைத்தேனா, அவர் முற்றவைத்தாரா, இருவருமா? அவர் செய்த பங்கையும் எழுதலாம், அது உண்மையென்றால். ஆனால் உங்கள் கை தானாக ஓங்காது.

அடுத்தது கடினமானது. எதிரில் இருந்த மனிதரை எழுதவேண்டும். அவர் அப்போது எங்கே போய்க்கொண்டிருந்தார், என்ன உடுத்தியிருந்தார், என்ன குரலில் பேசினார். நிறுவனப் பணத்தைக் கையாடிய ஒருவர் என் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். வட்டி விகிதம், கணக்கு எண், மேலாளரின் அலட்சியம், தணிக்கையின் ஓட்டை எல்லாம் இருந்தன. பணத்தை இழந்த ஒருவர்கூட அதில் இல்லை. "உங்களுக்கு முகம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையா?" என்று கேட்டேன். "அது நிறுவனத்தின் பணம், டீச்சர்" என்றார். மறுவாரம் ஒரே ஒரு வரி எழுதிவந்தார். மாதாமாதம் பணம் கட்ட வரும் முதியவர் ஒருவர், ரசீதை இரண்டாக மடித்துச் சட்டையின் உள்பைக்குள் வைத்துக்கொண்டு, வெளியே போகுமுன் பையை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாராம். அந்த வரியைச் சத்தமாகப் படிக்க அவரால் முடியவில்லை, பக்கத்தில் இருந்தவர் படித்தார். அதற்கு முந்தைய பக்கங்களை நான் கிழிக்கச் சொல்லவில்லை. அவராகவே அவற்றை மீண்டும் எடுக்கவில்லை.

மூன்றாவதாக, திரும்பியிருக்கக்கூடிய இடங்களைக் குறியுங்கள். வீட்டுக்குப் போன பிறகு மறுபடி கிளம்பிய நேரம், நண்பன் "விடு" என்று சொன்ன நேரம், முதல் தொகையை எடுத்த பிறகும் யாரும் கண்டுபிடிக்காமல் கழிந்த அந்த முதல் மாதம். இதைச் செய்வது வருந்துவதற்காக மட்டும் அல்ல. எல்லாம் தலைவிதி, நடக்கவேண்டியது நடந்தது என்று நம்புகிறவருக்கு நாளையும் கையில் இருக்காது. அன்றைக்கு வேறு வழி இருந்தது என்று ஒப்புக்கொள்கிறவருக்குத்தான் நாளைக்கும் வேறு வழி இருக்கும். சிறைக்குள் இருப்பவருக்கு இதைவிடப் பெரிய சுதந்திரம் எதையும் என்னால் காட்ட முடியாது.

சாக்குகளை என்ன செய்வது

அவை வரும். முன்பு சொன்ன சைக்ஸும் இன்னொரு சமூகவியலாளர் டேவிட் மாட்ஸாவும் 1957இல் இளம் குற்றவாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவற்றை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். சிறை வார்டில் என் காதில் விழுந்தபடியே சொல்கிறேன். என் கையில் எதுவும் இல்லை, குடிதான் செய்யவைத்தது. பெரிய நஷ்டம் யாருக்கும் இல்லை, அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அவனுக்கு அது வேண்டியதுதான். தீர்ப்புச் சொன்னவர்கள் மட்டும் யோக்கியமா? கூட்டாளியை விட்டுக்கொடுக்க முடியுமா, குடும்பத்துக்காகத்தானே செய்தேன்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது வகைப்பிரிப்பு அல்ல. அந்த இளைஞர்களுக்கு நியாயம் தெரியாது என்று அவர்கள் சொல்லவில்லை; தெரிவதால்தான் சாக்குத் தேவைப்படுகிறது என்றார்கள். ஆகவே உங்கள் மனம் சாக்குச் சொல்லும்போது பயப்படாதீர்கள். மனசாட்சி செத்திருந்தால் அதற்கு வாயே திறக்கவேண்டியிருந்திருக்காது.

சாக்கோடு சண்டை போடுவதும் வீண். அதில் உண்மை இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் "அதனால்" என்ற சொல்லை மட்டும் நீக்கிவிடுங்கள். "குடித்திருந்தேன், அதனால் அடித்தேன்" என்பதை "குடித்திருந்தேன். அடித்தேன்." என்று இரண்டு வாக்கியமாக எழுதுங்கள். இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைச் சுமக்கவேண்டாம். வகுப்பில் இதற்கு எதிர்ப்பு வராமல் இருந்ததில்லை. "அப்படியென்றால் என் நிலைமையை யார்தான் புரிந்துகொள்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உங்கள் நிலைமையைத் தனித் தாளில் விரிவாக எழுதுங்கள், அதற்கும் இடம் உண்டு. இந்தத் தாளில் வேண்டாம்.

2014இல் வெளியான ஓர் ஆய்வை வகுப்பில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். இங்கிலாந்துச் சிறை ஒன்றில் கைதிகளிடம், பொதுமக்களோடு ஒப்பிட்டு உங்களை மதிப்பிடுங்கள் என்று கேட்டார்கள். அன்பு, நேர்மை, பெருந்தன்மை என ஏறக்குறைய எல்லாவற்றிலும் தாங்களே மேல் என்றார்கள். சட்டத்தை மதிப்பதில் மட்டும் கொஞ்சம் அடக்கம்: பொதுமக்களுக்குச் சமம் என்றார்கள். நீங்களும் சிரியுங்கள். ஆனால் ஆசிரியர்கள் அறையில் அதே கேள்வியைக் கேட்டிருந்தாலும் எல்லோரும் தங்களைத்தான் மேலே போட்டிருப்பார்கள். நானும் அந்த அறையில் இருந்திருக்கிறேன்.

மிக நன்றாகச் சிறையைக் கழித்த ஒருவர்

உள்மனச் சுதந்திரத்துக்கு ஆல்பர்ட் ஷ்பேரை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. நாஜி ஜெர்மனியின் ஆயுத அமைச்சராக இருந்தவர். கட்டாய உழைப்பாளிகளை வேலைவாங்கியதற்காக நியூரம்பெர்க் நீதிமன்றம் 1946இல் அவருக்கு 20 ஆண்டுத் தண்டனை விதித்தது. ஷ்பாண்டவ் சிறையில் அவர் தோட்டம் போட்டார், இடைவிடாமல் படித்தார், கிடைத்த தாள்களில் இரகசியமாக எழுதி வெளியே அனுப்பினார். சிறைத் தோட்டத்தைச் சுற்றி நடந்த தூரத்தை அளந்து, உலகத்தைச் சுற்றி நடப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, வரைபடத்தில் ஊர் ஊராகக் கடந்தார். 1966இல் வெளியே வரும்போது 30,000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்திருந்தார். இந்தக் கட்டுரையின் முதல் பாதி சொல்லும் ஒழுக்கம் அத்தனையும் அவரிடம் இருந்தது.

இன்னொன்றும் இருந்தது. ஆட்சியின் குற்றங்களுக்குப் பொதுவான பொறுப்பை ஏற்கிறேன் என்று நியூரம்பெர்க்கிலேயே அவர் சொன்னார். உலகம் அதைக் கேட்டு மரியாதை கொடுத்தது. ஆனால் யூதர்களைக் கொன்றொழிப்பது பற்றித் தனக்குத் தெரியாது என்றே சொல்லிவந்தார். ஹிட்லரின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் அதை வெளிப்படையாகப் பேசிய 1943 அக்டோபர் 6ஆம் தேதிக் கூட்டத்தில் தான் இல்லை என்று பிற்காலத்தில் வாதாடினார். 1971இல் அவர் ஒரு பெண்மணிக்குத் தனிப்பட்ட முறையில் எழுதிய கடிதம் 2007இல் வெளியே வந்தது. அந்தக் கூட்டத்தில் தான் இருந்ததில் ஐயமில்லை என்று அதில் எழுதியிருந்தார்.

ஆகவே பெரிய, பொதுவான ஒப்புதலைச் சந்தேகப்படுங்கள். "நான் பாவி", "என் வாழ்க்கையே தவறு", "எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு". இப்படி எழுதுவது எளிது, கேட்பவருக்கும் கண் கலங்கும். "எல்லாம்" என்ற அந்தப் பெரிய போர்வைக்குள் அக்டோபர் 6 ஒளிந்துகொள்ளும். என் வகுப்பில் யாராவது அப்படி எழுதினால் பக்கத்தில் "எந்தக் கிழமை? எத்தனை மணிக்கு?" என்று மட்டும் குறித்துத் தருவேன். பலருக்கு என்மேல் கோபம் வருவது இதனால்தான்.

எதிர்ப்பக்கத்துப் பள்ளம்

கணக்கு எழுதச் சொன்னால் சிலர் தங்களைத் தாங்களே அடித்து நொறுக்கத் தொடங்குவார்கள். அதுவும் வேண்டாம். "செய்தது தவறு" என்பது குற்றவுணர்வு, "நானே கேடு" என்பது அவமானம். அமெரிக்க உளவியலாளர் ஜூன் டேங்னியும் அவருடைய குழுவினரும் சிறைவாசிகளிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், குற்றவுணர்வு மிகுந்தவர்கள் வெளியே போன பிறகு மறுபடி குற்றம் செய்வது குறைவாக இருந்தது. அவமானம் அவ்வளவு நம்பத்தக்கதாக இல்லை. அது பிறர்மேல் பழிபோடும் வழியில் போனபோது மீண்டும் குற்றத்தில் கொண்டுபோய் விட்டது.

லிவர்பூலில் முன்னாள் குற்றவாளிகளோடு பேசிக் குற்றவியல் ஆய்வாளர் ஷாட் மரூனா 2001இல் எழுதியதும் இதோடு சேர்ந்தது. குற்றத்தை விட்டுவிட்டவர்கள் தங்களைக் கரித்துக்கொட்டிக்கொண்டவர்கள் அல்ல. அடிப்படையில் நான் நல்லவன், அது நானல்ல, இனி இதை வைத்துப் பிறருக்கு உதவுவேன் என்று தங்கள் கதையைத் திருப்பி எழுதிக்கொண்டவர்கள். பழைய செயலுக்குச் சாக்குச் சொல்வது அவ்வளவு ஆபத்தானதல்ல, நாளைக்கான பொறுப்பை ஏற்பதுதான் முக்கியம் என்றுகூட அவர் பிறகு வாதிட்டார். "அது நானல்ல" என்பதை என் வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை, ஏனென்றால் அங்கே அது பெரும்பாலும் அந்த முதியவரின் சட்டைப்பையை மறைக்கத்தான் பயன்படுகிறது. ஆனால் "நான் அது மட்டும் அல்ல" என்று எழுதினால் விட்டுவிடுவேன். நோட்டின் பின்பக்கத்தில் நீங்கள் யாருக்காவது நல்லது செய்த நாட்களையும் அதே மணிக்கணக்கோடு எழுதுங்கள். அதிலும் பொதுவான பேச்சுக்கு இடமில்லை.

குற்றமே செய்யாதவர்களுக்கு

செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருப்பவர்கள் உண்டு. செய்ததற்குப் பொருந்தாத தண்டனை பெற்றவர்களும், தம் கொள்கைக்காகப் போனவர்களும் உண்டு. செய்யாததை ஒப்புக்கொள்ளச் சொல்லும் எவர் பேச்சையும் கேட்காதீர்கள், என் பேச்சு உட்பட. 1985இல், வன்முறையை நிபந்தனையின்றிக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்று தென்னாப்பிரிக்க அதிபர் போத்தா முன்வந்தபோது மண்டேலா மறுத்தார். அவருடைய பதிலை மகள் சொவெட்டோவில் கூடியிருந்த மக்களிடம் படித்தார். சுதந்திர மனிதன்தான் பேரம் பேச முடியும், கைதியால் ஒப்பந்தம் செய்ய முடியாது என்பது அதன் சாரம்.

அதே மண்டேலா பத்து ஆண்டுகளுக்கு முன்பு, 1975 பிப்ரவரி 1ஆம் தேதி, அப்போது தானும் சிறையில் இருந்த மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தன்னைத் தானே அறிந்துகொள்ளச் சிறை அறை நல்ல இடம் என்றார். தூங்கப் போகுமுன் தினமும் 15 நிமிடம் அதற்கு ஒதுக்கலாம் என்றார். நியாயம் தன் பக்கம் இருந்த மனிதரே அந்தக் கால் மணி நேரத்தை விடவில்லை. உண்மையான அநீதியும் ஒளிந்துகொள்ள வசதியான இடம்தான். வழக்கில் குற்றமற்றவர் வீட்டில் குற்றமற்றவராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கணக்கைத் தனியே எழுதுங்கள், வழக்கோடு கலக்காதீர்கள்.

யாரிடம் சொல்வது

ஒருவரிடம் சொல்லவேண்டும். வார்டு முழுக்கச் சொல்லக்கூடாது. உள்ளே தகவல்தான் பணம், உங்கள் கதை நாளை யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. எதை இரகசியமாக வைப்பார்கள், எதை அதிகாரியிடம் சொல்லியாகவேண்டும் என்று ஆலோசகரிடமும் சமயப் பணியாளரிடமும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

1965இல் வட வியட்நாமில் பிடிபட்ட அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் ஏழு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். அவரும் தோழர்களும் சுவரைத் தட்டித்தான் பேசிக்கொண்டார்கள்: ஆங்கில எழுத்துகளை ஐந்து வரிசை, ஐந்து நிரலில் அடுக்கி, ஓர் எழுத்துக்கு இரண்டு தொகுதித் தட்டல். சித்திரவதையில் ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் உடைந்தார்கள். திரும்பி வந்ததும் என்ன சொல்லிவிட்டேன் என்று அடுத்த அறைக்குத் தட்டிச் சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம். ஒளித்து வைத்தால் அதைக்கொண்டே மறுபடி உடைப்பார்கள் என்று அறிந்திருந்தார்கள்.

தனிமைச் சிறையில் இருப்பவருக்கு இந்தக் கட்டுரை போதாது. ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி வைப்பதைத் தனிமைச் சிறை என்றும், அது தொடர்ந்து 15 நாட்களைத் தாண்டக்கூடாது என்றும் 2015இல் ஐ.நா. ஏற்ற விதிகள் சொல்கின்றன. அதைத் தாங்கும் பயிற்சி தேடுவதற்கு முன் வக்கீலிடம் சொல்லுங்கள்.

குடும்பத்தினருக்கு: பார்க்கப் போகும்போது நீங்களும் வக்கீலாகாதீர்கள், நீதிபதியாகவும் வேண்டாம். "நீ ஒன்றும் செய்திருக்கமாட்டாய், கண்ணு" என்று தாய் சொன்ன அந்த நிமிடத்தோடு, சொல்லவந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். இன்று என்ன படித்தாய், யாரோடு பேசினாய் என்று கேளுங்கள். அவராகப் பேச்சை எடுத்தால் குறுக்கிடாமல் கேளுங்கள், ஆறுதலைக்கூடக் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

பாதிக்கப்பட்டவருக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று பலருக்குத் தோன்றும். எழுதுங்கள், அனுப்பாதீர்கள். பல இடங்களில் அது சட்டப்படியே தடை. தடை இல்லாத இடத்திலும், கேட்காதவர் வீட்டுக்குள் உங்கள் குரல் போவது அவருக்கு இன்னொரு அடி. அவர் தரப்பு முன்வந்தால், வக்கீல் மூலமாகவோ அதற்கென இருக்கும் சமரச அமைப்பு மூலமாகவோ மட்டும். எழுதியதில் உங்கள் கஷ்டம் வரும் வரிகளை அடித்துவிடுங்கள், மன்னிப்பைக் கேட்கும் வரிகளையும். மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையென்றால் கணக்கு இன்னும் முடியவில்லை.

முடிந்த கணக்கில் தேதி போட்டு மடித்து வையுங்கள். அடுத்த ஆண்டு, பழையதைப் பார்க்காமல், அதே நாளை மறுபடி எழுதுங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து, புதியதில் எந்த வரி காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள். அடுத்த கால் மணி நேரத்தை அந்த வரியிலிருந்து தொடங்குங்கள்.